பீற்றூட் கிழங்கும் இரத்த விருத்தியும்



நிறத்தைக் கண்டு குணத்தைத் துணிவது மனித இயல்பு. மஞ்சளாயிருப்பது மங்கலம் என்றும், வெண்மையாயிருப்பது தூய்மை என்றும், சிவப்பாயிருப்பது இரத்தத்தைப் பெருக்குவது என்றும் நாம் எண்ணிப் பழகிவிட்டோம். மாதுளையும் பீற்றூட்டும் நம் இல்லங்களிலே நோயாளியின் கட்டிலருகே இடம்பெறுவது பெரும்பாலும் இந்த எண்ணத்தினாலேயே. இவ்விரண்டனுள் பீற்றூட் கிழங்கைப் பற்றி இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகின்றேன். அஃது எங்கிருந்து வந்தது, அதனுள் யாது உளது, யாது இலது, சமையலறையிலே அதனை எவ்வாறு கையாளுதல் வேண்டும் என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

செங்கிழங்கு என்றும் அக்காரக்கிழங்கு என்றும் இதனைச் சிலர் எழுதுவர். எனினும் சந்தையிலும் அடுக்களையிலும் வழங்கும் பெயர் பீற்றூட் என்பதேயாதலின், நானும் அப்பெயரையே கொள்கின்றேன்.

இக்கிழங்கின் முன்னோர் மத்தியதரைக் கடலின் ஓரங்களிலும், ஐரோப்பாவின் அத்திலாந்திக் கரைகளிலும் தாமாகவே வளர்ந்த ஒருவகைக் கடற்கரைக் கீரை ஆகும். பழங்காலத்து மக்கள் அதனைக் கிழங்குக்காக வளர்க்கவில்லை, இலைக்காகவே வளர்த்தனர். மெல்லிய வேராக இருந்தது, உழவர் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து விதைத்ததன் பயனாகத் திரண்டு உருண்டு கிழங்காயிற்று. தாவரவியலார் இன்று இதனை எக்குடும்பத்திற் சேர்க்கின்றனர் தெரியுமா? நமது முளைக்கீரையும் தண்டுக்கீரையும் பொன்னாங்காணியும் எக்குடும்பத்தனவோ அக்குடும்பத்திலேதான். ஆகவே, தோற்றத்தில் அந்நியமாகத் தோன்றும் இக்கிழங்கு நம் வீட்டு வேலியோரத்துக் கீரைக்கு உறவுமுறையானது. செந்தண்டுக் கீரையைச் சமைக்கும்போது சட்டியிலே இறங்கும் சிவப்பும் பீற்றூட்டின் சிவப்பும் ஒரே இனத்து நிறப்பொருள்களாற் பிறப்பவை.

உலக வரலாற்றிலும் இதற்கு ஓர் இடம் உண்டு. 1747ஆம் ஆண்டிலே பேர்லின் நகரத்து இரசாயன அறிஞர் மார்கிராவ் என்பார், பீற்றூட்டிலுள்ள இனிப்பும் கரும்பிலுள்ள இனிப்பும் ஒரே பொருளே என்று கண்டறிந்தார். அவருடைய மாணாக்கர் ஆக்கார்ட் என்பார், சைலீசியா நாட்டிலே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீற்றூட்டிலிருந்து சீனி எடுக்கும் முதல் ஆலையை அமைத்தார். ஆங்கிலேயக் கடற்படை ஐரோப்பாவை மறித்து நின்றபடியால் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புச் சீனி பிரான்சுக்கு வந்து சேராத நிலை ஏற்பட்டது. அப்பொழுது நெப்போலியன் 1811இல் இக்கிழங்கைப் பெருமளவிற் பயிரிடுமாறு கட்டளை பிறப்பித்தான். அன்று தொடங்கிய தொழிலின் பயனாக, இன்றும் உலகச் சீனியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கிழங்கிலிருந்தே கிடைக்கின்றது. ஆனால் அது வெள்ளை நிறமான வேறொரு சாதி. நாம் கறி சமைப்பது அதனுடைய சிவந்த தமக்கையை.

நம் நாட்டிற்கு இக்கிழங்கு ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் வந்து பரவிய மரக்கறிகளுள் ஒன்று. நுவரெலியா, வெலிமடை முதலிய மலைநாட்டுப் பகுதிகளிலே இது நன்றாக விளைகின்றது. மாரி காலத்துக் குளிர்ச்சியைத் துணையாகக் கொண்டு யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலும், கற்பிட்டியின் மணற்பாங்கான நிலத்திலும் உழவர் இதனை விளைவிக்கின்றனர். விதைத்து ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குள் கிழங்கு பறிக்கலாம். பாடசாலைத் தோட்டங்களில் இதனைப் பயிரிடும் ஆசிரியர்கள் ஒரு செய்தியை மனத்திற் கொள்ளல் நலம். நாம் விதை என்று சொல்வது உண்மையிலே பல விதைகள் ஒட்டிச் சேர்ந்த ஒரு கொத்து. ஆதலால் ஒரு குழியிலிருந்து இரண்டு மூன்று முளைகள் எழும். ஒன்றை விட்டு ஏனையவற்றைக் களையாவிடின் எந்தக் கிழங்கும் திரளாது. களைந்த இளஞ்செடிகளைக் கீரையாகச் சமைக்கலாம்.

இனி, கிழங்கினுள்ளே இருப்பது யாது எனப் பார்ப்போம். பச்சைக் கிழங்கு 100 கிராமில் ஏறத்தாழ 87 கிராம் நீரே. மாப்பொருளும் இனிப்பும் சேர்ந்து 10 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதில் ஏறத்தாழ 7 கிராம் சீனி. நார்ப்பொருள் 3 கிராமுக்குச் சற்றுக் குறைவு. புரதம் ஒன்றரைக் கிராம் அளவு. இவற்றால் உடலுக்குக் கிடைக்கும் வெப்பசக்தி 43 கலோரி மாத்திரமே. பொற்றாசியம் 325 மில்லிகிராம் உண்டு. போலேற்று என்னும் விற்றமின் 109 மைக்கிரோகிராம் உண்டு. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய போலேற்று 400 மைக்கிரோகிராம் எனக் கொள்ளப்படுவதால், இது நான்கில் ஒரு பங்குக்கும் சிறிது மேல். மரக்கறிகளுள் இது மெச்சத்தக்க அளவே.

இரும்புச்சத்து எவ்வளவு? நேயர்கள் சற்றுக் கவனித்துக் கேட்க வேண்டுகின்றேன். 100 கிராம் பீற்றூட்டில் உள்ள இரும்புச்சத்து 0.8 மில்லிகிராம் மாத்திரமே.

பருவ வயதை அடைந்த ஒரு பெண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். அதனைப் பீற்றூட்டிலிருந்தே பெறுவதாயின் அப்பிள்ளை நாள்தோறும் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த கிழங்கை உண்ணுதல் வேண்டும். அஃது எவராலும் ஆகாத காரியம். நம் இரத்தத்தைச் சிவப்பாக்குவது ஈமோகுளோபின் என்னும் இரும்பு பொதிந்த புரதம். கிழங்கைச் சிவப்பாக்குவது பீற்றாலெயின் என்னும் நிறப்பொருள். அதில் இரும்பு அணுவளவும் இல்லை. இரண்டும் செந்நிறம் என்பதைத் தவிர அவற்றுக்கிடையே ஓர் உறவும் கிடையாது.

இதனை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பாடசாலை அதிபராகப் பணியாற்றுபவன் காலைக் கூட்டத்திலே காணும் காட்சிகள் பல. வெயிலேறுமுன்னரே பிள்ளைகள் தலைசுற்றி அமர்வதும், படிக்கட்டேறி மூச்சிரைப்பதும், பாடவேளையிலே சோர்ந்து மேசையிற் சாய்வதும் அவற்றுட் சில. சில ஆண்டுகளுக்கு முன்னர், பத்தாந் தரத்து மாணவி ஒருத்தி இவ்வாறு அடிக்கடி சோர்வதைக் கண்டு அவளுடைய தாயாரை அழைத்துப் பேசினேன். “ஐயா, நாள்தோறும் காலையில் பீற்றூட்டை அடித்துச் சாறெடுத்துக் கொடுக்கிறேன். பிள்ளைக்கு இரத்தம் எப்படிக் குறையும்?” என்று அவர் கேட்டார். அவர் கூலி வேலைக்குச் சென்று உழைப்பவர். அந்தச் சாற்றுக்கெனத் தம் உழைப்பில் ஒரு பங்கை ஒதுக்கி வைப்பவர். அவருடைய அன்பிற் குறையேதும் இல்லை. ஆனால் பாடசாலையில் வழங்கப்பெற்ற இரும்புச்சத்து மாத்திரைகளை அப்பிள்ளை விழுங்காது புத்தகப்பையிற் சேர்த்து வைத்திருந்தாள். வயிற்றைப் பிரட்டுகிறது என்பது அவள் சொன்ன காரணம். சாறு குடிக்கும் பிள்ளைக்கு மாத்திரை எதற்கு என்பது தாயாரின் எண்ணம். வைத்தியசாலையிலே இரத்தம் சோதிக்கப்பெற்றது. அவ்வயதுப் பெண்பிள்ளைக்கு ஒரு தெசிலீற்றர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறையாது இருத்தற்குரிய ஈமோகுளோபின், அவளுக்கு ஒன்பதுக்கும் கீழே இருந்தது. பூச்சி மருந்தும், இரும்புச்சத்து மாத்திரையும், உணவு மாற்றமும் சேர்ந்து, சில மாதங்களில் அவளை ஓடியாடச் செய்தன.

நேயர்களே, பீற்றூட் அப்பிள்ளைக்குத் தீங்கு செய்யவில்லை. பீற்றூட் போதும் என்ற நம்பிக்கையே தீங்கு செய்தது. நல்ல உணவொன்று மருந்தின் இருக்கையிலே அமர்ந்துவிட்டால், மருந்து வெளியே நிற்க நேரிடும்.

ஆயினும், இரத்தத்துக்கும் இக்கிழங்குக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று கூறுதலும் பிழையாகும். இரத்தச் சோகை பல வகைப்படும். இரும்பின் குறைவால் வருவது ஒன்று. போலேற்றின் குறைவால் வருவது மற்றொன்று. இதன் வரலாறு சுவையானது. 1928ஆம் ஆண்டிலே லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் வைத்தியர் பம்பாய் நகருக்கு வந்தார். அங்கே நெசவாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்திற் கடுமையான சோகையினாற் பீடிக்கப்படுவதைக் கண்டு ஆராய்ந்தார். மதுவம் எனப்படும் ஈஸ்ரிலிருந்து செய்யப்படும் மாமைற் என்னும் பொருளை உண்ணக் கொடுத்தபோது அச்சோகை நீங்குவதை 1931இல் வெளியிட்டார். நம் நாட்டிலே பல வீடுகளில் இன்றும் காணப்படும் அதே மாமைற் தான் அது. அதிலிருந்த மறைபொருளே பிற்காலத்தில் போலிக்கமிலம் எனப் பெயர்பெற்றது. இலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். கீரையிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டமையே காரணம். பீற்றூட் கிழங்கு இச்சத்தை நன்கு உடையது. ஆகவே, பீற்றூட் இரத்த விருத்திக்கு ஒரு துணை. தனித்து நின்று அக்காரியத்தை முடிக்க வல்லதன்று.

இரும்புச்சத்துக்கு நாம் நாட வேண்டியவை வேறு. மைசூர்ப் பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 7 மில்லிகிராம் உண்டு. பயறு, கௌபி, கடலை முதலியனவும் நல்லன. மீன், நெத்தலிக் கருவாடு, இறைச்சி, ஈரல் ஆகியவற்றில் உள்ள இரும்பு உடலில் எளிதிற் சேரும். தாவர உணவிலுள்ள இரும்பு அவ்வளவு எளிதிற் சேராது. அது சேர்வதற்குப் புளிப்புக் கனிகளிலுள்ள விற்றமின் சீ துணைபுரியும். ஆதலால் பருப்புக் கறியோடு தேசிக்காய் பிழிந்த சம்பலோ, ஒரு நெல்லிக்கனியோ, கொய்யாத் துண்டோ சேர்த்து உண்பது அறிவுடைமை. இதற்கு மாறாக, உணவு உண்டவுடன் தேநீர் அருந்துவது இரும்பு சேர்வதைத் தடுக்கும். தேயிலை விளையும் நாட்டிலே பிறந்த நாம் தேநீரை விடமாட்டோம், விடவும் வேண்டியதில்லை. உண்டபின் ஒன்றிரண்டு மணி நேரம் பொறுத்து அருந்தினாற் போதும்.

பீற்றூட்டுக்கு மற்றுமொரு சிறப்பு உண்டு. அஃது அண்மைக் காலத்தில் அறியப்பட்டது. இக்கிழங்கு மண்ணிலிருந்து நைத்திரேற்று என்னும் உப்பை மிகுதியாக உறிஞ்சித் தன்னிடத்தே வைத்துக்கொள்கின்றது. நாம் உண்டபின், நாவின்மேல் வாழும் நுண்ணுயிர்கள் அதனை நைத்திரைற்று ஆக்குகின்றன. உடல் அதனை நைத்திரிக்கு ஒட்சைட்டு என்னும் வாயுவாக மாற்றுகின்றது. அவ்வாயு இரத்தக் குழாய்களின் இறுக்கத்தைத் தளர்த்தும். இவ்வாயு உடலில் ஆற்றும் பணியைக் கண்டறிந்தோர்க்கு 1998இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. 2008இல் இலண்டன் ஆராய்ச்சியாளர், நலமுள்ள சிலருக்கு 500 மில்லிலீற்றர் பீற்றூட் சாறு கொடுத்துப் பார்த்தபோது, மூன்று மணி நேரத்தளவில் இரத்த அழுத்தத்தின் மேலெண் ஏறத்தாழ 10 அலகு இறங்கக் கண்டனர். நுண்ணுயிரைக் கொல்லும் வாய்கழுவி மருந்தைப் பாவித்தால் இப்பயன் குன்றிவிடும் என்பதும் அறியப்பட்டுள்ளது. இஃது உற்சாகந் தரும் செய்தியே. எனினும் அழுத்த நோய்க்கு மாத்திரை உட்கொள்வோர், சாற்றை நம்பி மாத்திரையை நிறுத்துதல் கூடாது. மேற்சொன்ன மாணவியின் கதை வேறொரு வடிவில் அங்கும் நிகழ்ந்துவிடும்.

சிலர் அவதானமாய் இருத்தல் வேண்டும். இக்கிழங்கிலும், சிறப்பாக அதன் இலையிலும், ஒட்சலேற்று மிகுதி. சிறுநீரகத்திற் கல் உண்டாகும் இயல்புடையோர் இதனைக் குறைத்தே உண்ண வேண்டும். சிறுநீரகம் பழுதடைந்தோர் பொற்றாசியத்தின் பொருட்டு வைத்தியரைக் கேட்டே உண்ணல் வேண்டும். நீரிழிவு உடையோர் கறியாகச் சிறிது உண்பதில் தவறில்லை. நாரை வடித்தெறிந்து, சீனியும் கலந்து, சாறாகக் குடிப்பது அவர்களுக்கு ஏற்றதன்று. நைத்திரேற்று மிகுதியாதலின் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இதன் சாற்றைக் கொடுத்தலாகாது. இன்னுமொன்று: பீற்றூட் உண்ட மறுநாள் சிலருக்குச் சிறுநீரோ மலமோ சிவந்து தோன்றும். அது கிழங்கின் நிறமேயன்றி இரத்தமன்று. உண்ணாத நாளிலும் அவ்வாறு தோன்றினால் மாத்திரமே வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

இப்பொழுது சமையலறைக்குள் நுழைவோம். கிழங்கு வாங்கும்போது மிகப் பெரியதை நாடாதீர்கள். முற்றிய கிழங்கின் நடுவே நரம்பு ஓடியிருக்கும். கைக்கு அடங்கிய அளவும், இறுகிய உடலும், சுருக்கமில்லாத தோலும் உடையதே நன்று. இலையோடு வாங்கினால், வீட்டுக்கு வந்தவுடன் இலையை வெட்டிப் பிரித்துவிடுங்கள். இல்லையேல் இலை கிழங்கின் ஈரத்தை உறிஞ்சிவிடும். வெட்டும்போது ஓரங்குலத் தண்டைக் கிழங்கிலேயே விட்டுவிட வேண்டும், வால்வேரையும் அறுக்கலாகாது. அவ்வாறு தோலோடு முழுதாக அவித்தால் நிறமும் சத்தும் நீரில் வடிந்து போகமாட்டா. முக்கால் மணி நேரம் அளவில் வெந்துவிடும். ஆறியபின் விரலால் உரித்தாலே தோல் கழன்றுவிடும்.

நிறத்தைக் காக்கும் இரகசியம் புளிப்பு. நெடுநேரம் கொதித்தால் இச்சிவப்பு மங்கி மண்ணிறமாகும். அப்பச்சோடாவைச் சேர்த்தாலும் கெட்டுவிடும். சிறிது தேசிப்புளியோ வினாகிரியோ சேர்த்தால் நிறம் நிலைக்கும். உக்ரேன் நாட்டு மக்களின் புகழ்பெற்ற போர்ஷ் என்னும் பீற்றூட் சூப்பிலே புளிப்புச் சேர்ப்பது இந்த நுட்பத்தை ஒட்டியதே. போர் மூண்ட 2022ஆம் ஆண்டிலே, அச்சூப்பைச் சமைக்கும் மரபை, அவசரமாகப் பாதுகாக்க வேண்டிய பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ நிறுவனம் பதிவு செய்தது. அடுப்படிச் செய்தியும் மனித வரலாற்றின் ஒரு பகுதியே என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

நம் வீடுகளிலே பெரிதும் வழங்குவது பாற்கறி. கிழங்கைத் தோல் சீவி விரலளவு துண்டுகளாக அரிந்து, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, சிறிது வெந்தயம், உப்பு என்பவற்றோடு இரண்டாம் பாலில் அவிய விட வேண்டும். பதமாக வெந்தபின் முதற்பாலை விட்டு, ஒரு கொதியில் இறக்கித் தேசிக்காய் பிழிய வேண்டும். முதலிலேயே புளியை விட்டால் கிழங்கு மெதுவாகவே வேகும். வறை செய்வோர் கிழங்கைத் துருவி, தாளிதத்தில் இட்டு, மூடி ஆவியில் வேகவைத்து, இறக்குமுன் தேங்காய்ப்பூவைத் தூவுவர். நீர் விடாது சமைப்பதால் போலேற்று வீணாவதில்லை. சமைக்காமலும் உண்ணலாம். மெல்லியதாகத் துருவி, வெங்காயமும் மிளகும் தேசிப்புளியும் சேர்த்த சம்பல் பிட்டுக்கும் பாணுக்கும் ஏற்றது. தயிரிலே கலந்த பச்சடியின் இளஞ்சிவப்பைக் கண்டு, மரக்கறி என்றால் முகஞ் சுளிக்கும் சிறுவரும் கை நீட்டுவர். இதற்கு ஒரு மண்வாசனை உண்டு என்று சிலர் ஒதுக்குவர். முதல் மழைக்குப் பின் நிலத்திலிருந்து எழும் மணத்துக்குக் காரணமான அதே பொருளே இதிலும் உண்டு. இஞ்சியும் தேசிப்புளியும் அதனை அடக்கிவிடும்.

இறுதியாக, இலையைப் பற்றி ஒரு வார்த்தை. சந்தையிலே பலர் இலையை அங்கேயே முறித்து எறிந்துவிட்டு வருகின்றனர். மரக்கறிக் கடைகளின் பின்புறத்தில் அவை குவியலாக வாடிக் கிடக்கும். அந்த இலை 100 கிராமில் இரும்புச்சத்து ஏறத்தாழ 2.6 மில்லிகிராம், அதாவது கிழங்கிலிருப்பதைப் போல மும்மடங்கு. விற்றமின் சீ 30 மில்லிகிராம், கிழங்கிலோ ஐந்துதான். விற்றமின் ஏ ஆக மாறும் சத்து கிழங்கில் இல்லையெனத்தக்க அளவு; இலையில் மிகுதி. இரத்தத்தை விரும்பிக் கிழங்கை வாங்கும் நாம், இரத்தத்துக்கு அதனினும் உதவும் இலையை மாட்டுக்கு விட்டுவிடுகின்றோம். மாடு நம்மைவிடக் கெட்டிக்காரப் பிராணி போலும்! தண்டையும் இலையையும் பொடியாக அரிந்து, பருப்போடு சேர்த்துக் கடையலாம். தேங்காய்ப்பூ இட்டு வறையாக்கலாம். இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோர் மாத்திரம், விற்றமின் கே இதில் மிகுதி என்பதனால், வைத்தியரைக் கேட்டு உண்பார்களாக.

தாய்மாரே, உங்கள் பிள்ளைக்குப் பீற்றூட் கொடுங்கள், மகிழ்ச்சியோடு கொடுங்கள். அதனருகே ஒரு கிண்ணம் பருப்பையும், கைப்பிடியளவு கீரையையும், இயன்றவர்கள் ஒரு துண்டு மீனையும் வையுங்கள். தேநீரைச் சற்றுப் பின்தள்ளுங்கள். பாடசாலையிற் கொடுக்கும் மாத்திரை பிள்ளையின் வயிற்றுக்குள் செல்கின்றதா, புத்தகப்பைக்குள் செல்கின்றதா என்று வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். வெறும் வயிற்றில் பிரட்டினால், உணவுக்குப் பின் கொடுக்கலாமா என்று குடும்பநல உத்தியோகத்தரைக் கேளுங்கள். சோர்வு தொடர்ந்தால் இரத்தத்தைச் சோதிப்பியுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் அதற்குப் பணம் கேட்கமாட்டார்கள்.